கோலியர்ஸ் வுட்டிலிருந்து பதினொரு ஸ்டேஷன்: ஸ்காட்லாந்து நடனம் பழகப் போன கதை

இந்தப் பயணத்தின் தூரம் போக ஏழு மைல், வர ஏழு மைல். பாஸ்போர்ட் தேவையில்லை, பெட்டி கட்டத் தேவையில்லை, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே திரும்பி வந்துவிடலாம். வழக்கமாக இந்தப் பக்கத்தில் கடற்கரை, தோட்டம், தேர்த்திருவிழா என்று எழுதுகிற நான், இந்த முறை லண்டனுக்குள்ளேயே ஒரு மண்டபத்துக்கு ஆறு புதன்கிழமையும் ஒரு சனிக்கிழமையும் போய் வந்ததை எழுதுகிறேன். அறுபது வயதில் ஸ்காட்லாந்து நடனம் பழகப் போனேன். ஏன் போனேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் டிக்கெட் விலையை மட்டும் எழுதினால் இது பயணக் கட்டுரையாகாது.

கலியாணமாகி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மூன்று வருடங்கள் நாங்கள் பேர்த்தில் இருந்தோம். ஆஸ்திரேலியப் பேர்த் இல்லை, ஸ்காட்லாந்தில் உள்ளது. இவருக்கு அங்கே ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. நான் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே நர்ஸாக இருந்த எல்ஸ்பத் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மாதக் கடைசி வெள்ளிகளில் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நடனம் இருக்கும். முதல் மாதமே எல்ஸ்பத் என்னைக் கூட்டிக்கொண்டு போய், அக்கார்டியன் வாசிக்கத் தொடங்கியதும் என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

எதிர்ப்பக்கத்தில் ஆண்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர்கள், சமையலறைக்காரர்கள், ஒன்றிரண்டு டாக்டர்மார். முன்பின் தெரியாத ஆண்களின் கையைப் பிடித்துச் சுற்றுவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த ஊரில் எங்களைத் தவிர இருந்த ஒரேயொரு தமிழ்க் குடும்பத்துக்குத் தெரிந்தால் கதை லண்டன்வரை போகும் என்ற பயம் வேறு. 'எனக்கு முழங்கால் ஏலாது' என்று சொன்னேன். வாயில் வந்தது அதுதான். எல்ஸ்பத் உடனே என்னைக் கைத்தாங்கலாகச் சுவரோரக் கதிரையில் இருத்தினார். இருபத்தைந்து வயதில் எனக்கு இரண்டு முழங்காலும் இரும்பு மாதிரி இருந்தன.

அடுத்த மாதம் வருவதற்குள் எல்ஸ்பத் எனக்குக் கம்பளி நூலில் ஒரு முழங்கால் உறை பின்னிக் கொண்டுவந்துவிட்டார். அதன்பின் எந்த முகத்தோடு எழுந்து ஆடுவது? மூன்று வருடம் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். எல்லோருடைய கைப்பைகளும் கோட்டுகளும் என் மடியில்தான். கால் மட்டும் கதிரைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். லண்டனுக்கு வந்தபிறகும் பொய் எங்களோடு குடிபெயர்ந்து வந்தது. ஒவ்வொரு கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையிலும் எல்ஸ்பத் முழங்காலைச் சுகம் விசாரிப்பார். பரவாயில்லை, குளிருக்குத்தான் கொஞ்சம் நோகிறது என்று நானும் எழுதுவேன்.

இந்த வருடம் ஜனவரியில் அட்டைக்குப் பதிலாகக் கடிதம் வந்தது. எல்ஸ்பத்துக்கு உண்மையிலேயே முழங்கால் போய்விட்டதாம். கோடையில் சத்திரசிகிச்சை. அதற்கு முன் மார்ச்சில் விம்பிள்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று கிழமை தங்க வருகிறார். லண்டனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்காட்லாந்து நடனம் நடக்கிறது, நாங்கள் இரண்டு நொண்டிகளும் இருந்து பார்ப்பதற்குச் சுவரோரம் இரண்டு இடம் பதிவு செய்துவிட்டேன், உன் முழங்காலுக்குத் தோதாக முதுகு சாயக்கூடிய கதிரையாகக் கேட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் கதிரையில் இன்னொரு தடவை போய் இருக்க முடியாது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எல்ஸ்பத்திடம் உண்மையைச் சொல்ல வேண்டும். வெறும் வாயால் சொன்னால் போதாது, அவர் பார்க்க ஒரு ஆட்டமாவது ஆட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆடத் தெரியாமல் மன்னிப்புக் கேட்பது பாதி மன்னிப்பு என்று அப்போது எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னபின் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவாரா என்பதுதான் பெரிய பயம். முப்பத்தைந்து வருட சிநேகிதம் அது.

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "நான் ஒருநாளும் உம்மை ஆட வேண்டாமெண்டு சொல்லேல்லையே?"

உண்மைதான், சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமலே அவர் விடமாட்டார் என்று நானே தீர்மானித்துக்கொண்டு, அந்தப் பழியையும் இத்தனை வருடம் மனதுக்குள் அவர் தலையில் போட்டு வைத்திருந்தேன்.

தேடியதில், பரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் தொடக்கநிலைக்காரருக்கான வகுப்பு இருப்பது தெரிந்தது. புதன்கிழமைகளில் மாலை ஏழு முதல் ஒன்பது வரை, தடவைக்கு ஏழு பவுண்ட். துணையோடுதான் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் புதன் 6.05க்கு வீட்டிலிருந்து புறப்பட்டேன். கோலியர்ஸ் வுட் நிலையத்துக்கு ஒன்பது நிமிட நடை. 6.18 வண்டி. நார்தர்ன் லைனில் மாறத் தேவையில்லை, பதினோராவது ஸ்டேஷன் பரோ, இருபத்தைந்து நிமிடம். பாங்க் நிலையம் வழியாகப் போகும் வண்டியா என்று மட்டும் பலகையைப் பார்த்து ஏறுங்கள். பரோவில் மேலே வர லிஃப்ட் இருக்கிறது. அங்கிருந்து மண்டபம் ஏழு நிமிடம், பாதை தவறாதவர்களுக்கு. எனக்குப் பதினாறு நிமிடம் ஆனது.

மண்டப நடையில் சுவரோரமாகச் சப்பாத்துகள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. நம் ஆட்களுக்கு அந்தக் காட்சியைக் கண்டால் உடம்பு தானாகக் குனிந்துவிடும். நானும் என் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு பயபக்தியாக உள்ளே போனேன். உள்ளே எல்லோர் காலிலும் கறுப்பு நிறத்தில் மெல்லிய தோல் சப்பாத்து. வெளிச் சப்பாத்தைக் கழற்றியது அதை மாற்றிப் போடத்தான். தரையோ மெழுகிய மரத்தரை. இசை தொடங்கி முதல் திருப்பத்திலேயே எனக்குக் கால் வழுக்கி, எதிரே நின்ற டெரிக் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரரின் இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்தபடிதான் நின்றேன். ஓர் ஆணின் விரல்நுனியைத் தொடப் பயந்து மூன்று வருடம் கதிரையில் இருந்தவள் நான். இருபது நிமிடத்தில் தோள்வரை போயாயிற்று. டெரிக்கும் முதல்நாள் மாணவர்தான். தன்னைக் கெட்டியாகப் பிடிக்க ஒருவர் கிடைத்ததில் தனக்கும் நிம்மதி என்றார்.

வகுப்பை நடத்தும் ஷோனா அந்த இடத்திலேயே ஒரு பெட்டியைத் திறந்து, யாரோ விட்டுப்போன பழைய சப்பாத்துச் சோடியைப் பத்துப் பவுண்டுக்குத் தந்தார். புதிது என்றால் நாற்பதுக்குக் கிட்ட வரும்.

நடனத்தின் அமைப்பு இதுதான். நான்கு சோடிகள் எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்பார்கள். இசைக்கு அருகில் உள்ள முதல் சோடி மற்றவர்களைச் சுற்றியும் ஊடறுத்தும் ஆடிக்கொண்டே படிப்படியாகக் கீழே இறங்கும். அவர்கள் இறங்க இறங்க அடுத்த சோடி மேலே வரும். ஒருவரும் கடைசிவரை கடைசியில் நிற்பதில்லை. அடி வைப்பதும் அவ்வளவு கடினமில்லை, ஒரு சின்னத் துள்ளலும் மூன்று அடியும். பள்ளிக்கூடத்தில் கோலாட்டம் ஆடியவர்களுக்கு ஊடே போய் வருவது சீக்கிரம் பிடிபடும்.

எனக்குப் பிடிபடாதது இடக்கை. வலக்கை கொடுத்து ஒரு சுற்று, உடனே இடக்கை கொடுத்து எதிர்ச்சுற்று என்பது இந்த நடனத்தில் அரிச்சுவடி. என் வலக்கை சட்டென்று போகும். இடக்கை மட்டும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒருவருக்கு இடக்கையை நீட்டுவதா? முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்து, இடக்கையால் கியரும் மாற்றி, இங்கே வந்து இப்படி. கடைசி நொடியில் உடம்பை முறுக்கி வலக்கையையே மறுபடி கொடுப்பேன். எட்டுப் பேரும் முட்டி மோதி நிற்போம். ஷோனா காரணம் கேட்டார், சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இந்த அறைக்குள் இடக்கையை மறுப்பதுதான் மரியாதைக் குறைவு என்று மட்டும் சொன்னார். அடுத்த நான்கு கிழமையும் வீட்டில் இவருக்குத் தேநீர்க் கோப்பையை இடக்கையால் கொடுத்துப் பழகினேன். அவர் வாங்கிக்கொண்டார். முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் கிழமை ஷோனா ஒலிநாடாவை விட்டுவிட்டு அக்கார்டியன்காரர் ஒருவரை அழைத்து வந்தார். முதல் இழுப்பிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் ஏங்குவதெல்லாம் பிறந்த ஊருக்காகத்தான் என்று தெரிந்தவர்கள் நினைப்பார்கள். அது உண்டுதான். ஆனால் அன்றைக்கு நான் ஏங்கியது பேர்த்துக்காக. ஈரக் கம்பளிக் கோட்டின் மணத்துக்காக. அதிகாலை ஷிப்டில் வார்டு முழுக்கப் பரவும் பாண் ரொட்டி வாட்டும் வாசனைக்காக. பனி படிந்த டே ஆற்றுப் பாலத்தில் கையுறைக்குள் விரலை மடக்கிக்கொண்டு வேலைக்கு நடக்கும் அந்த இருபத்தைந்து வயதுக்காரிக்காக. அவளுக்குக் கால் துடித்துக்கொண்டே இருந்தது. அவளை யாரும் கட்டி வைக்கவில்லை. அவள்பேரில் எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அதே வகுப்பில்தான் இன்னொன்றும் உறைத்தது. ஆண்கள் குறைவு என்பதால் பெண்ணும் பெண்ணுமாகச் சோடி சேர்வது அங்கே சாதாரணம். பேர்த்திலும் அப்படித்தான். கதிரையிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எல்ஸ்பத் நீட்டிய கை, என்னைக் கொண்டுபோய் யாரோ ஓர் ஆணிடம் விடுவதற்கானது இல்லை. தன்னோடு ஆடத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

ஆறாவது புதன் முடிந்தபோது ஐந்து நடனங்களைத் தவறு விட்டாலும் நிற்காமல் ஆடும் அளவுக்கு வந்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நடனம் வகுப்பு நடந்த அதே மண்டபத்தில், இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. விம்பிள்டனிலிருந்து எல்ஸ்பத்தை அழைத்துப்போக மினிகேப் பிடித்தேன். எட்டு மைல், நாற்பத்தெட்டு நிமிடம், முப்பத்து நான்கு பவுண்ட். எல்ஸ்பத் நன்றாக மெலிந்திருந்தார், கையில் தடி. குரல் மட்டும் அதே குரல். ஏறியதும் முதல் வேலையாக என் முழங்காலைத் தட்டிச் சுகம் கேட்டார். வண்டி ஓட்டியவர் டூட்டிங்கில் இருக்கும் நம் ஆள். எங்கே போகிறோம் என்று விசாரித்துவிட்டு, "அக்கா, ஆர் ஆடப்போறது?" என்றார். "ஒருத்தரும் இல்லைத் தம்பி, பாக்கத்தான்" என்றேன். எல்ஸ்பத்துக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் பையில் ஆடும் சப்பாத்தை ஒளித்து வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னதில் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சுவரோரம் இரண்டு கதிரை தயாராக இருந்தது. என்னுடையதற்கு ஒரு மெத்தையும் போடச் சொல்லியிருந்தார். இரண்டு ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் சொல்ல வாயைத் திறந்து, தேநீர் வேண்டுமா என்று கேட்டு மூடினேன். மூன்றாவதற்கு ஆள் சேரும்போது டெரிக் நேரே வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

எல்ஸ்பத் என்னை முந்திக்கொண்டார். அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். என் காதில் எப்போதும் அது நம் பேச்சாகவே விழும், அப்படியே எழுதுகிறேன். "அவவைக் கேக்காதையுங்கோ. அவவுக்குக் கனகாலமா முழங்கால் ஏலாது."

ஆறு கிழமை என்னோடு துள்ளிய டெரிக் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர், நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். அடுத்ததற்கு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, எல்ஸ்பத் பக்கம் திரும்பினேன்.

"எல்ஸ்பத், எனக்கு முழங்கால் ஒருநாளும் நொந்ததில்லை. அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை. பொய் சொன்னனான்."

பயம், ஆண்கள், ஊர்க்கதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பழகப் போனதையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. ஒரு முழு ஆட்டம் முடியும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பிறகு, எத்தனை முழங்கால் உறை பின்னித் தந்தேன் என்று கேட்டார். மூன்று என்றேன்.

"ஒவ்வொரு மாசமும் கடைசி ஆட்டத்தை விட்டிட்டு உன்னோட வந்து இருந்தனான். நீ தனிய இருக்கிறாயெண்டு."

எனக்கு அது தெரியாது. களைத்துப்போய் வந்து இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். கடைசி ஆட்டம் நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். ஊரிலிருந்து நாலு மாதமாகக் கடிதம் வராமல், அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் இருந்ததை நான் அவரிடம் மட்டும்தான் சொன்னேன். நிச்சயம் செய்தவர் கனடாவுக்குப் போய் எழுதாமல் விட்டதை அவர் என்னிடம் மட்டும் சொன்னார்.

"அப்ப அந்தக் கதையளும் பொய்யோ?" என்று கேட்டார்.

"இல்லை. அதில ஒண்டும் பொய்யில்லை."

தடியைக் கதிரையில் சாய்த்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆடுறதுக்கு எனக்கு ஆக்கள் கனபேர் இருந்தினம். கதைக்கத்தான் ஒருத்தரும் இருக்கேல்லை. சரி, போய் ஆடு. பாப்பம்."

வாசலில் மேலதிகமாக ஏழு பவுண்ட் கட்டி, பார்வையாளர் சீட்டை ஆடுகிறவர் சீட்டாக மாற்றினேன். அடுத்த நான்கு ஆட்டத்தையும் ஆடினேன். ஒன்றில் வரிசையின் நடுவில் போய் நின்று எல்லோரையும் குழப்பினேன், இன்னொன்றில் இரண்டு சுற்று பிந்தினேன். இடக்கை ஒருமுறைகூடப் பிந்தவில்லை. ஒவ்வொரு தடவை அவர் பக்கம் திரும்பும்போதும் எல்ஸ்பத் தடியால் தரையில் தாளம் தட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று கண்ணால் காட்டினார். முதலிரண்டு ஆட்டத்தில் அவர் முகத்தில் கொஞ்சம் மனஸ்தாபம் இருந்தது. மூன்றாவதில் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் இந்த நாட்டில் இருந்த நாட்கள் குறைவு.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரம். டியூப் கட்டணம் ஒரு வழிக்கு மூன்று பவுண்டுக்குச் சற்று மேல். வருடா வருடம் ஏறுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். எட்மண்டன், இல்ஃபோர்ட் பக்கம் இருப்பவர்கள் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை, லண்டனில் பல இடங்களில் வகுப்பு இருக்கிறது, தேடினால் கிட்டவே கிடைக்கும். சேலை வேண்டாம், கால் தடக்கும். சல்வாரோ முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடையோ போதும். ரப்பர் அடிச் சப்பாத்து தரையில் ஒட்டிக்கொள்ளும், வெறுங்காலுறை வழுக்கும், இது அனுபவம். வரிசையில் சேரும்போது எப்போதும் இசைக்கு எதிர்முனையில், கடைசியில் போய் நில்லுங்கள். நடுவில் புகுவது பெரிய மரியாதைக் கேடு. தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். ஒருவர் கேட்டால் மறுப்பது வழக்கமில்லை, மறுத்தால் அந்த ஆட்டத்தில் வேறு யாரோடும் ஆடக்கூடாது. ஆடத் தெரியாது என்பது மறுக்கக் காரணமாகாது, அங்கே பாதிப்பேருக்குத் தெரியாது. உண்மையிலேயே முழங்கால் நோகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நாலே முக்காலுக்குக் கடைசி ஆட்டம் என்று அறிவித்தார்கள். டெரிக் வேர்த்து விறுவிறுக்க வந்து கையை நீட்டினார். நான் எல்ஸ்பத்துக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன். நோகிறதா என்று டெரிக் கேட்டார்.

"இல்லை, முழங்கால் நல்லாத்தான் இருக்கு. நான் இவவோட இருக்கப்போறன்."

அக்கார்டியன் தொடங்கியது. எல்ஸ்பத் தன் தடியை மற்றப் பக்கம் மாற்றி வைத்துவிட்டு, கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.